பாரனின் இடது கை

புடாபெஸ்டில் பனி கொட்டுகிறது.
பனி என்றால் காகிதம். மேலே இருட்டுப் பரணில்
யாரோ இரண்டு பேர் சல்லடை ஆட்டுகிறார்கள்.
டான்யூப் நதி, நீலத் துணி.
அதை எழுதியவர்கூட அந்த ஊருக்குப் போயிருக்க மாட்டார்.
ஆனாலும் இந்த முகோ ஆற்றங்கரை அரங்கில்
இரண்டாயிரம் பெண்கள்
சால்வையை இழுத்துப் போர்த்திக்கொள்கிறோம்.

பத்தாவது வரிசை, ஓர நாற்காலி எனக்கு.
அகாஷியிலிருந்து ரயில் மாறி ரயில் மாறி வந்தேன்.
பள்ளிக்கூடச் சமையலறையில் லீவு கேட்டபோது
பல் வைத்தியர் என்றேன்.
"புதன்கிழமை வருவாயா?" என்று மினெகோ
தொலைபேசியில் கேட்டபோதும்
அதே பல், அதே வைத்தியர்.

இளையவர்கள் ஆடுகிற ஒற்றை இரவு இது.
நாளைக்கு மூத்தவள் திரும்பிவிடுவாள்
தன் பாத்திரத்துக்கும் தன் இறகுகளுக்கும்.
இன்று இறகு இல்லை.
மூத்தவளின் கோட்டுதான், இடுப்பில் ஊசி குத்திச் சுருக்கியது.
அதற்குள் என் மகள்.

எப்படி வரப்போகிறாளோ என்றிருந்தேன்.
வந்தான்.
பூட்ஸின் ஒலி முதலில், பிறகு வாள்,
பிறகு பென்சிலால் வரைந்த கிருதா.
சரவிளக்கு இறங்கியது. முப்பது ஜோடிகள் சுழன்றன;
முப்பது பாவாடைகள் தரையைத் தொடாமல் மிதந்தன.
நடுவில் அவன் ஒரு கையால் சீமாட்டியைத் தாங்கி
கன்னத்தைத் திருப்பினான்.
அரங்கு முழுக்க ஒரே பெருமூச்சு.
நான் விடவில்லை.
பதினெட்டு வயதில் முடியை வெட்டிக்கொண்டு
வாசலில் வந்து நின்றவளோடு
மழைக்காலம் முழுக்கப் பேசாதவள் நான்.

இரண்டாம் பாதியில், விளக்குக் கம்பத்தடியில்,
பாரன் சிகரெட் பற்றவைக்கிறான்.
இடது கை.
கட்டைவிரலை மடக்கி, காற்றே இல்லாத இடத்தில்
சுடருக்குச் சுவர் கட்டுகிறான்.
குச்சியை உதறி அணைக்கவில்லை.
கடைசிவரை எரிய விட்டு, விரல் சுடும் நொடியில் போடுகிறான்.

மினெகோ வலக்கைக்காரி.

கோபே துறைமுகத்தில் கிரேன் ஓட்டிய தெத்சுஜிதான்
அப்படிப் பற்றவைப்பான்,
ஒவ்வொரு முறை வெளியேறும் முன்னும்,
எங்கள் வாசற்படியில், முதுகைக் காட்டிக்கொண்டு.
அவளுக்கு ஆறு வயதில் கடைசி முறை.
அவன் படங்களை எல்லாம் கிழித்துப் போட்டேன்.
அலமாரிக்குப் பின்னால் விழுந்ததைக்கூடத் தேடிக் கிழித்தேன்.
ஆறு வயதுக் கண்ணுக்குள் இருந்தது
என் கைக்கு எட்டவில்லை.

பாரன் சீமாட்டியின் கதவைத் தட்டுகிறான்.
ஒரு முழங்கால் மடிகிறது.
"நேரமாகிவிட்டது. மன்னித்துவிடு."
அவ்வளவுதான் வசனம். சீமாட்டி பதில் சொல்வதற்குள்
வெளிச்சம் நீலமாகி, வயலின்கள் ஏறி,
துணி நதி அலையடிக்கத் தொடங்கிவிட்டது.
எனக்கு எரிச்சல்.
அவள் என்ன சொல்வாள் என்று
எவருக்குமே தெரிய வேண்டாமா?

பக்கத்து இருக்கைக்காரி கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்:
"இப்படி ஒரு ஆண் பிள்ளை எங்காவது உண்டா, சொல்லுங்கள்?"
"கை மட்டும் உண்டு" என்றேன்.
அவள் தூரக்கண்ணாடியை இறக்கி
என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

வெளியே, கலைஞர் வாசலில்,
ரசிகைகள் ஒரே நிறக் கழுத்துத்துணியோடு
வரிசையாகக் குந்தியிருந்தார்கள். சத்தமே இல்லை.
கூப்பிடக்கூடாதாம்; அது முறையாம்.
நான் வேலியோரம் நின்றேன், வரிசையில் சேராமல்.

தொப்பி, முகமூடி. காதருகே கிருதாவின் மிச்சம்.
ஒவ்வொரு கடிதத்தையும் இரண்டு கையாலும் வாங்கியபடி வந்தவள்
வேலியருகே நடையைக் குறைத்தாள்.
நிமிர்ந்து பார்க்கவில்லை.
இன்னும் பாரனின் அடித்தொண்டை அவளிடம்தான் இருந்தது.

"பல் எப்படி இருக்கு?"

"பிடுங்கியாச்சு" என்றேன்.

முகமூடிக்குள் ஏதோ அசைந்தது.
அடுத்த கடிதத்துக்குக் கை நீட்டினாள்,
வலது கையை முதலில்.